மின் பொறியியற் பீடங்களுக்கு விரிவுரையாளரைத் தேடுதல்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950ஆம் ஆண்டில் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் பேராதனைக்குச் சென்றது. இன்று மொறட்டுவை, காலி, கிளிநொச்சி, ஒலுவில் ஆகிய இடங்களிலும் பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. கட்டடங்களையும் ஆய்வுகூடங்களையும் பொருள்கொண்டு பெறலாம். கற்பிப்போரைப் பெறுவது எங்ஙனம்?

முறை இதுவாகும். முதல் வகுப்பிலோ மேல் இரண்டாம் வகுப்பிலோ சித்தியடைந்த பட்டதாரி தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெறுகின்றார். மீண்டு வந்து குறித்த காலம் பணிபுரிவதாகப் பிணை எழுதிக் கொடுத்து, கலாநிதிப் பட்டத்தின் பொருட்டுப் பிறநாடு செல்கின்றார். அவர் விடுப்பிலுள்ளவரை அப்பதவி வெற்றிடமன்று. ஆதலின் எஞ்சியோரே அவர் சுமையையும் தாங்குவர்.

இடர் இங்கேதான் தோன்றுகின்றது. மின்வலுவும் இலத்திரனியலும் கற்றவரை உலகெங்கும் விரும்பியழைக்கின்றனர். பிணைத்தொகையோ ரூபாவில் எழுதப்படுவது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், சில மாதங்களுள் 350 ரூபாவை மேவிற்று. டொலரில் உழைப்பவருக்கு அப்பிணை இலேசாயிற்று. திரும்பாதவரை மட்டும் பழித்தல் நியாயமன்று, அவர்க்கும் குடும்பமுண்டு.

ஆயினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நள்ளிரவு வரை விழித்திருந்து கணிதம் பயிலும் நம் தம்பியர்க்கு நாளை யார் கற்பிப்பார்? பிறநாடுகளிற் சிறந்து விளங்கும் நம் பழைய மாணவர் ஒரு தவணையேனும் வருகைதரு விரிவுரையாளராய் வருவாராக. பெற்ற கல்விக்கு நாம் செலுத்தும் மெய்யான பிணை அதுவேயாம்.