மகளிடம் பறித்த புத்தகம்

ஒரு வாசகி எழுதுகிறார்

இரவு மணி 11 இருக்கும். விளக்கை அணைத்து வெகு நேரம் ஆகிவிட்டது. மகள் படுத்திருந்த மூலையில் மட்டும் மங்கலான வெளிச்சம் தெரிந்தது. போர்வைக்குள்ளிருந்து வந்த வெளிச்சம்!

போர்வையை விலக்கினேன். அவள் கையில் டார்ச் விளக்கு. தலையணை மேல் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். கறுப்பு அட்டை. இரண்டு வெளுத்த கைகள் ஒரு சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருப்பது போல் படம்.

"என்ன புத்தகம் இது?"

"கதைப் புத்தகம், அம்மா."

"என்ன கதை?"

அவள் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தக் காலத்துப் பெண்கள் பேயைக் காதலிக்கிற கதை எல்லாம் படிக்கிறார்கள்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. புத்தகத்தை வெடுக்கென்று பறித்தேன். சமையல் அறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்தாள்.

"அம்மா, அது என் தோழியின் புத்தகம். திருப்பிக் கொடுக்க வேண்டும். நீ ஒரு தடவை படித்துப் பார். படித்துவிட்டுத் திட்டு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. படிக்காமலே பறித்தது என்ன நியாயம்? நானும் ஒரு காலத்தில் பாடப் புத்தகத்துக்குள் 'அம்புலிமாமா'வை வைத்துப் படித்தவள்தானே! விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தை நம்பியவள்தானே!

புத்தகத்தை எடுத்தேன். நான் 12-ஆம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அகராதிக்கும் அடங்காத இடத்தில் மகளைக் கேட்டேன். அவள் அர்த்தம் சொன்னாள். நாங்கள் மறுபடி பேசத் தொடங்கியது அப்படித்தான்.

கனவில் வந்த காதலன்

புத்தகத்தின் பெயர் 'ட்வைலைட்'. 'அந்தி நேரம்' என்று பொருள். எழுதியவர் ஸ்டெபனி மேயர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துக் குடும்பப் பெண். 3 மகன்களுக்குத் தாய்.

2003-ஆம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி அவர் ஒரு கனவு கண்டாராம். ஒரு புல்வெளியில் ஓர் இளம்பெண்ணும் ஒரு வாலிபனும் நின்று பேசுகிறார்கள். அவன் மனிதன் அல்ல, ரத்தக் காட்டேரி! அவனுக்கு அவள் மேல் காதல். அவளுடைய ரத்தத்தின் மேலோ தாகம்!

விழித்ததும் அந்தக் கனவை எழுதி வைத்தார். அதுவே நாவலாக வளர்ந்து 2005-ல் வெளிவந்தது. 2008-க்குள் மேலும் 3 பாகங்கள் வந்தன. சினிமாவாகவும் வந்தது. உலகம் முழுவதும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கதாநாயகி பெல்லாவுக்கு வயது 17. அவளுடைய தாயும் தந்தையும் பிரிந்து வாழ்கிறார்கள். வெயில் ஊரில் தாயோடு இருந்தவள், எப்போதும் மழை பெய்யும் 'ஃபோர்க்ஸ்' என்ற சிற்றூருக்குத் தந்தையிடம் வருகிறாள். புதுப் பள்ளிக்கூடத்தில் எட்வர்டைச் சந்திக்கிறாள்.

எட்வர்டைப் பார்த்தால் 17 வயதுதான் சொல்லலாம். ஆனால் பிறந்தது 1901-ல்! 1918-ல் உலகத்தையே வாட்டிய விஷக் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை, காட்டேரி இனத்து மருத்துவர் ஒருவர் தம் இனத்தானாக மாற்றிவிட்டார். அந்தக் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்ட குடும்பம். மிருகங்களின் ரத்தமே அவர்களுக்கு ஆகாரம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது!

பெண்களுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பெல்லா தன்னைப் பேரழகி என்று நினைப்பவள் அல்ல. சமதரையில் நடந்தாலே தடுக்கி விழுபவள். புது ஊரில் தனியாகத் தவிப்பவள். அப்படிப்பட்டவளை ஒருவன் ஆயிரம் பேருக்கு நடுவே கண்டுகொள்கிறான். 16, 17 வயதில் எந்தப் பெண்ணுக்குத்தான் அந்த ஆசை இருக்காது? எனக்கும் இருந்தது.

அவள் தூங்கும்போது...

ஆனால் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

எட்வர்டு இரவில் பெல்லாவின் அறைக்குள் வருகிறான். அவளுக்குத் தெரியாமல் வருகிறான். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு நாள் அல்ல, பல நாள்! பின்னால் அவளுக்கு இது தெரியவருகிறது. அவள் கோபிக்கவில்லை. உள்ளுக்குள் மகிழ்கிறாள்!

மூன்றாம் பாகத்தில் இன்னொன்று. பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போக வேண்டும் என்கிறாள். எட்வர்டு அவளுடைய வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். வண்டி நகரவில்லை. "உன் நன்மைக்காகத்தான்" என்கிறான். பிறகு தன் தவறை உணர்ந்து மாறுகிறான் என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது இரண்டாம் பாகம்தான். அதில் எட்வர்டு பெல்லாவை விட்டுப் போய்விடுகிறான். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 'அக்டோபர்' என்று ஒரு சொல். வேறு ஒன்றும் இல்லை. அடுத்து 'நவம்பர்'. அதற்கடுத்து 'டிசம்பர்'. பிறகு 'ஜனவரி'.

"அச்சுப் பிழையா இது?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இல்லை, அம்மா. அவன் இல்லாததால் அவளுடைய நாட்களில் ஒன்றுமே இல்லை. அதைத்தான் அப்படிக் காட்டுகிறார்."

எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனம்! மெச்சத்தான் வேண்டும். ஆனால் பெற்ற மனம் பதறியது. அந்த நான்கு மாதமும் அவளுடைய தந்தை அதே வீட்டில்தானே இருந்தார்? தோழிகள் இருந்தார்களே? படிப்பு இருந்ததே? அவையெல்லாம் ஒரு வரிக்குக் கூட ஆகவில்லையா?

பிறகு அவள் ஆபத்தான காரியங்களில் இறங்குகிறாள். ஆபத்து வரும்போதெல்லாம் எட்வர்டின் குரல் அவள் காதில் கேட்கிறதாம். அந்தக் குரலுக்காகப் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள்!

"இது காதலா?" என்று கேட்டேன்.

மகள் விட்டுக் கொடுக்கவில்லை. "கடைசிப் பாகத்தையும் பார், அம்மா. எதிரிகள் வரும்போது குடும்பத்தையே காப்பாற்றுகிறவள் பெல்லாதான்" என்றாள்.

படித்தேன். அவள் சொன்னது சரி. பெல்லாவின் மனவலிமையே எல்லோருக்கும் கேடயமாக நிற்கிறது. ஆனால் அந்த வலிமை வருவதற்கு அவளும் காட்டேரியாக மாற வேண்டியிருந்தது. மனுஷியாக இருந்தபோதே அது அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாதா?

இதைச் சொன்னதும் மகள் யோசித்தாள். பிறகு உள்ளே போய் வேறு இரண்டு புத்தகங்களைக் கொண்டு வந்தாள். "அப்படியானால் இவற்றைப் படி" என்றாள்.

மழையில் எறிந்த ரொட்டி

முதல் புத்தகம் 'தி ஹங்கர் கேம்ஸ்'. 'பசி விளையாட்டு' என்று சொல்லலாம். எழுதியவர் அமெரிக்காவின் சூசன் காலின்ஸ். 2008-ல் வெளிவந்தது.

வருங்காலத்தில் நடக்கும் கதை. ஒரு கொடுங்கோல் தலைநகரம். அதற்கு அடிமைப்பட்டு 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலும் சீட்டுக் குலுக்கி ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் பிடித்துப் போவார்கள். எல்லோரும் 12 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள். அந்த 24 பேரும் ஒருவரை ஒருவர் கொன்று, கடைசி ஒருவர் மட்டும் மிஞ்ச வேண்டும். அதை டெலிவிஷனில் காட்டுவார்கள்!

காட்னிஸ் 16 வயதுப் பெண். தந்தை சுரங்க வெடிவிபத்தில் இறந்துவிட்டார். தாய் துயரத்தில் முடங்கிப் போனாள். அன்று முதல் வில்லெடுத்து வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள் காட்னிஸ்தான். சீட்டு அவளுடைய 12 வயதுத் தங்கையின் பெயருக்கு விழுகிறது. "அவளுக்குப் பதில் நான் போகிறேன்" என்று அக்கா முன்னே வருகிறாள். அந்த இடத்தில் அழாதவர்கள் கல்நெஞ்சர்கள்.

இதிலும் காதல் உண்டு. அவளோடு பிடிபட்டுப் போகும் பீட்டா, ரொட்டிக் கடைக்காரர் மகன். அவன் முன்பு செய்தது என்ன தெரியுமா? 11 வயதில் அவள் பட்டினியால் சோர்ந்து மழையில் கிடந்தாள். அவன் வேண்டுமென்றே ரொட்டியைத் தீயில் கருகவிட்டான். தாயிடம் அடி வாங்கினான். கருகிய ரொட்டியை அவள் பக்கம் எறிந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றியும் கேட்கவில்லை. தன் அன்பை ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தான்.

பீட்டா இல்லாத பக்கங்கள் இந்தப் புத்தகத்தில் எத்தனையோ. ஒன்று கூட வெறுமையாக இல்லை. அவள் வேட்டையாடுகிறாள். மரம் ஏறுகிறாள். தன் தங்கையைப் போன்ற ஒரு சிறுமிக்குத் துணை நிற்கிறாள். காதல் அவளுடைய வாழ்க்கைக்குள் வருகிறது. வாழ்க்கையை விழுங்கிவிடவில்லை.

கிழவியான பிறகு பயம் போயிற்று!

இரண்டாவது புத்தகம் 'ஹௌல்ஸ் மூவிங் காசில்'. 'ஹௌலின் நகரும் கோட்டை'. இங்கிலாந்தின் டயானா வின் ஜோன்ஸ் 1986-ல் எழுதியது. 2004-ல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தார்.

சோஃபி தொப்பிக் கடையில் வேலை செய்யும் இளம்பெண். மூன்று பெண்களில் மூத்தவள். "மூத்தவளுக்கு அதிர்ஷ்டம் கிடையாது" என்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டவள். ஒரு சூனியக்காரி சபித்து அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள்.

வேடிக்கை என்னவென்றால், கிழவியானதும் சோஃபியின் பயம் பறந்துவிடுகிறது! மந்திரவாதி ஹௌலின் கோட்டைக்குள் நுழைந்து, "நான்தான் இனி இங்கே வீடு கூட்டுகிறவள்" என்கிறாள். ஹௌல் இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊர் பேசுகிறது. நேரில் பார்த்தால், மணிக்கணக்கில் குளியல் அறையில் நின்று தலைக்குச் சாயம் பூசும் ஆசாமி! சாயம் ஒரு நாள் மாறிப்போகிறது. ஆத்திரத்தில் உடம்பெல்லாம் பச்சைக் கூழ் வடிய உட்கார்ந்துவிடுகிறான். சோஃபி அவனைக் கண்டு மயங்கவில்லை. முகத்துக்கு நேரே திட்டுகிறாள். அவன் குறை அவளுக்குத் தெரியும்; அவள் குறை அவனுக்குத் தெரியும். அப்படிப் பழகியே அன்பு வளர்கிறது. நானும் மகளும் சேர்ந்து சிரித்துப் படித்த புத்தகம் இதுதான்.

ஒரு சின்னப் பரீட்சை

மூன்றையும் படித்த பிறகு, நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பரீட்சை கண்டுபிடித்தோம். எந்தக் காதல் கதைக்கும் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று: அவன் இல்லாத பக்கங்களில் அவள் என்ன செய்கிறாள்?

இரண்டு: அவள் "வேண்டாம்" என்றால் அவன் கேட்கிறானா?

மூன்று: அவனைத் தவிர அவளுக்கு யார் யார் இருக்கிறார்கள்?

பேயும் மந்திரமும் பிள்ளைகளைக் கெடுப்பதில்லை. காட்டேரி உண்மையில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பின்தொடர்வதும், ஒளிந்து பார்ப்பதும், போகவிடாமல் தடுப்பதும் காதல் என்று சொன்னால், அது பொய் என்று தெரிந்துகொள்வது கடினம். நம் ஊர்ச் சினிமாவிலும் எத்தனை கதாநாயகர்கள் அப்படித்தானே கதாநாயகியைத் துரத்தினார்கள்!

மகள் சொன்ன ரகசியம்

பரீட்சையைக் காகிதத்தில் எழுதி முடித்தோம். மகள் இரண்டாவது கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அம்மா, இரண்டு மாதமாக ஒருவன் என் பின்னாலேயே வருகிறான். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். டியூஷன் முடிந்தால் அங்கேயும் நிற்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்கவில்லை. அவ்வளவு பிரியம் என்று தோழிகள் சொல்கிறார்கள்."

எனக்கு நெஞ்சு அடைத்தது. "ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?"

"புத்தகத்தைப் பறித்த மாதிரி படிப்பையும் நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அந்தப் புத்தகம் அரிசி டின்னுக்குப் பின்னாலேயே கிடந்திருந்தால், இந்தப் பேச்சு என் காதுக்கு வந்தே இராது.

அன்றிரவே அவள் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை நாங்கள் இருவரும் அவளோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அவன் நின்றுகொண்டிருந்தான். பேசியது மகள்தான். "எனக்கு இஷ்டம் இல்லை. இனி என் பின்னால் வராதே" என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள். அவன் எங்கள் முகத்தைப் பார்த்தான். பேசாமல் போய்விட்டான். பிறகு வரவில்லை.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விருப்பம் இல்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது நம் நாட்டில் 2013 முதல் தனிக் குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போலீசில் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட வேண்டியவள் பெண் அல்ல.

பெற்றோர்களே! பிள்ளை என்ன புத்தகம் படிக்கிறது என்று கேளுங்கள். பறிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால், "கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும். கதையோடு சேர்த்து, சொல்லாமல் வைத்திருந்ததையும் சொல்லும்.

தோழியின் புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். மகள் இப்போது கூடத்தில் விளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்கிறாள். டார்ச் விளக்கு அலமாரியில் இருக்கிறது. கரண்ட் போனால்தான் அதைத் தேடுகிறோம்.