மரண சாசனம்: இரண்டு சாட்சிகள் போதுமா?

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் வன்னியை விட்டு வெளியேறியபோதும் எம்மவர் பலர் உடுபுடைவையோடு காணி உறுதிகளையும் காவிச் சென்றனர். உறுதியைக் காப்பாற்றிய நாம், எமக்குப் பின் அந்தக் காணி யாருக்கு என்பதை எழுதி வைக்கிறோமா? "பிள்ளைகள் ஒற்றுமையாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறோம். சண்டை செத்தவீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மனைவியை இழந்த ஒரு தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள். இருவர் வெளிநாட்டில். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் அவரைப் பராமரித்தவள் கடைசி மகள். வீடும் வளவும் அவளுக்கே என்று அவர் கொப்பித் தாளில் எழுதி, அயலவர் இருவரைச் சாட்சியாக வைத்துக் கையொப்பமிட்டார். அவர் இறந்ததும் மற்றவர்கள் பங்கு கேட்டனர். அந்தத் தாளைச் சட்டம் மரண சாசனமாக ஏற்காது. அவர் எதுவும் எழுதாமல் இறந்தவராகவே கணிக்கப்படுவார். தகப்பனின் விருப்பம் ஊருக்கே தெரிந்திருந்தும் பயனில்லை.

எப்படி எழுத வேண்டும்?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடுவது. மற்றது, நொத்தாரிசு இல்லாதவிடத்து ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடுவது. இரண்டிலும் சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று வீடு வீடாகக் கையொப்பம் வாங்கினால் செல்லாது.

முகாமிலோ தூரக் கிராமத்திலோ நொத்தாரிசு கிடைக்காதபோது ஐந்து சாட்சி வழி கைகொடுக்கும். ஆனால் பின்னர் அந்தச் சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆகவே முடிந்தவரை நொத்தாரிசிடம் போவதே நல்லது.

சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு எழுதிய பங்கு இல்லாமற் போகும். எழுதுபவர் நோயாளியாயின், அவர் தெளிந்த புத்தியோடு இருந்தார் என்ற வைத்தியரின் குறிப்பைப் பெற்று வைப்பது பின்னர் உதவும்.

எதை எழுதலாம்?

எமக்குரியதை மாத்திரமே எழுதலாம். மகளுக்கு உறுதி முடித்துக் கொடுத்த சீதனக் காணி இப்போது அவளுடையது. அதை மீண்டும் இன்னொருவருக்கு எழுத முடியாது. வாயால் மட்டும் கொடுத்த சீதனமோ உரித்து மாறாதது. நொத்தாரிசு உறுதி இல்லாமல் காணி கைமாறாது. அந்தக் குறையை உயிரோடிருக்கும்போதே தீர்த்துவிடுங்கள்.

தேசவழமைக்கு உட்பட்டவர்கள் எது முதுசம், எது தேடிய தேட்டம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மரண சாசனம் இல்லாவிட்டால், இறந்தவரின் தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மறுபாதி உரித்தாளருக்கும் போகும்.

பேமிற் காணிக்கு வேறு வழி

குடியேற்றத் திட்டங்களில் அரசு பேமிற்றில் கொடுத்த காணிக்கு மரண சாசனத்தை நம்பியிருக்க வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும். அந்த நியமனம் பேமிற்காரர் உயிரோடிருக்கும்போதே பதியப்பட்டிருக்க வேண்டும். இறந்த பின் கொண்டுபோனால் செல்லாது. நியமனம் இல்லாவிட்டால், துணைவரின் காலத்தின் பின் சட்டத்தில் உள்ள ஒழுங்குப்படி காணி போகும். முன்னர் அந்த ஒழுங்கில் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம். 2022இல் வந்த திருத்தம் அதை மாற்றி, ஆண் பெண் வேறுபாடின்றி வயதில் மூத்தவருக்கு முதலிடம் கொடுத்தது. உழைத்துக் காணியைக் காப்பாற்றியவர் இளையவர் என்றால் நியமனம் இன்னும் அவசியம். பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

எழுதிய பின்

மரண சாசனம் எங்கே இருக்கிறது, எந்த நொத்தாரிசு, என்ன இலக்கம், என்ன திகதி என்பவற்றை நம்பிக்கையான இருவருக்குச் சொல்லி வையுங்கள். எழுதிய பின் திருமணம் செய்தால் பழைய சாசனம் இரத்தாகிவிடும்; புதிதாக எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பதாயின் காரணத்தை மற்றப் பிள்ளைகளுக்கு நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். இறந்த பின் வாசித்து அறியும் செய்தியே மனக்கசப்பை வளர்க்கிறது.

இந்த வாரமே உறுதிப் பையை அவிழ்த்து, உறுதிக் காணி, சீதனமாகக் கொடுத்தது, பேமிற் காணி என மூன்றாகப் பிரித்து வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். அதன் பின் நொத்தாரிசிடம் போனால் வேலை இலகுவாகும்.