மதுரை – போடி இருப்புப்பாதை: ஒரு வரலாற்று நோக்கு

பேரரசர்களின் வரலாறு ஏட்டில் நிற்கிறது. எளிய மக்களின் வரலாறோ அவர்கள் நடந்த பாதைகளில் நிற்கிறது. அத்தகைய பாதைகளுள் ஒன்று, மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் சென்றடையும் தொண்ணூறு கிலோமீட்டர்க் கிளைப்பாதையாகும்.

1875இல் மதுரைக்குப் புகைவண்டி வந்தது. எனினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அதன்பின்னும் அரை நூற்றாண்டுக் காலம் மாட்டுவண்டிகளையே நம்பியிருந்தது. மலைமேல் விளைந்த ஏலமும் தேயிலையும் இறங்கிவர வழி தேவைப்பட்டது. மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டுக்குச் சிறு இரயிலில் வந்து, கம்பிவடம் வழியாகக் குரங்கணி அருகேயுள்ள கொட்டகுடியில் இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடியை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அழித்துவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1928 நவம்பரில், தென்னிந்திய இரயில்வே போடி வரை மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் நோக்கம் வணிகமே எனினும், கணவாய் கடந்து வந்த அவ்வண்டி வானம் பார்த்த பூமியின் உழவரையும் மதுரைச் சந்தைக்கு அழைத்து வந்தது.

வணிகத்திற்கெனத் தந்த பாதையைப் போருக்கெனப் பறிக்கவும் அவ்வரசு தயங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், 1950களில், பாதை மீண்டும் போடப்பட்டது. தன் பயனுக்காக ஆளும் அரசுக்கும் மக்களுக்குப் பொறுப்புடைய அரசுக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி ஒன்றே உணர்த்தும்.

அவ்வேறுபாடும் தானே நிலைப்பதன்று. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் இறுதியோடு வண்டி நிறுத்தப்பட்டது. ஒரு மீட்டர் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டராக விரிய வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைகளை வெட்டியாக வேண்டும். நிதியோ ஆண்டுதோறும் சிறு துளிகளாகவே வந்தது. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் 15இல் போடிக்கும் வண்டி வந்து சேர்ந்தது. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம் அது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் குறைந்த கட்டணப் பயணம் என்பது அம்மக்களுக்கு இல்லாது போயிற்று. போடி வரை வந்த பாதைக்கே இந்நிலை எனில், இருப்புப்பாதையே காணாத கம்பம், உத்தமபாளையம் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

கிளைப்பாதைகளை வருவாய்க் கணக்கால் மட்டும் அளப்பது பொருந்தாது. ஏலக்காய் மூட்டைக்குக் கணக்கு உண்டு. கல்லூரிக்கு வரும் மாணவனுக்கும் மருத்துவமனைக்கு வரும் மூதாட்டிக்கும் அக்கணக்கில் இடமில்லை. தம் ஊரின் வரலாற்றை அறிந்தவரே தம் ஊருக்கு உரியதைக் கேட்டுப் பெறவும் வல்லவராவர். பெயர்த்தெடுத்த காலத்தையும் காத்திருந்த காலத்தையும் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதிவைப்பது தமிழ் பயிலும் மாணவர்தம் கடமையாகும்.