இரத்தத்திலும் பழைய சரக்கு, புதுச் சரக்கு உண்டு

நம் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினரான மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், சென்ற ஆண்டு மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து தவறி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து இரத்தம் நிறையப் போய்விட்டது. அறுவைச் சிகிச்சை நடந்தது. நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. ‘மூன்று மாதச் சராசரி’ என்று சொல்கிறோமே, அந்தச் சோதனையில் எப்போதும் 9க்கு மேல்தான் வரும். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து எடுத்தபோது 7.1 என்று வந்தது. 7க்கு வந்தால் போதும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அண்ணாச்சிக்கு ஒரே மகிழ்ச்சி. மாத்திரையைத் தாமாகவே பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் காலில் புண் ஆறாமல் நின்றது. விரலில் குத்திப் பார்த்தால் 290!

சோதனைக்கூடம் தவறு செய்யவில்லை. சோதித்த இரத்தத்தில் பெரும்பகுதி அவருடைய பழைய இரத்தம் அல்ல, அவ்வளவுதான். நம் வியாபாரிகளில் பலர் சர்க்கரைக்காரர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துக் கல்லாவை எண்ணுவது போன்றது. ஹெச்.பி.ஏ.1.சி. என்ற சோதனை அப்படிப்பட்டதல்ல. இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பெரும்பாலும் விடுவதில்லை. பெருங்காயப் பெட்டிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையை அடுக்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை எத்தனை நாள் கிடந்ததோ அத்தனைக்கு வாசனை ஏறும். சிவப்பணுவும் அப்படியே. நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே அந்த 7, 8, 9 எல்லாம். சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் இப்படிப்பட்ட மாறுபட்ட ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் எடுத்துக்காட்டியவர் ஈரான் நாட்டு டாக்டர் சாமுவேல் ரஹ்பர்.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. வயதானவற்றை மண்ணீரலும் கல்லீரலும் கழித்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதியவை வந்து சேருகின்றன. ஆகவேதான் இந்தச் சோதனை இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டுகிறது. அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கே சுமார் பாதி. சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் இனிப்பை நிறுத்திவிட்டுப் போகும் நண்பர்களை நாம் அறிவோம். அது டாக்டரை ஏமாற்ற உதவாது.

கணக்கெல்லாம் சரிதான், சரக்கு ஒழுங்காகச் சுழலும்வரை. சிவப்பணு சீக்கிரம் அழிந்தாலோ, புதியவை திடீரென நிறைய வந்தாலோ, சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் போதாது. உண்மையில் சர்க்கரை அதிகம் இருந்தும் எண் குறைவாக வரும். விபத்து, அறுவையில் இரத்தம் இழந்தவர்கள், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொண்டு இரத்தம் ஊற ஊசி போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இது பொருந்தும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் அணு நோயில் சிவப்பணு 10 முதல் 20 நாளே வாழ்கிறது. அங்கே இந்த எண்ணை நம்பவே கூடாது.

எதிர்ப்புறமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால் புதுவரவு குறைந்து பழைய சரக்கே தேங்குகிறது. சர்க்கரை ஏறாமலேயே எண் ஏறிவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 6.5 வந்தால் சர்க்கரை நோய் என்பது உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்ற அளவு. சோகை பிடித்த நம் வீட்டுப் பெண்ணுக்கு 6.6 என்று ஒரு தாள் வந்துவிட்டால், அன்றே ஆயுள் முழுவதற்கும் மாத்திரை என்று முடிவுகட்டுவது நியாயமா? வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 என்ற அளவுகளையும் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் புதிய அணுக்கள் வந்து அந்த எண் தானாகவே இறங்குவதும் உண்டு. பத்தியத்தின் பலன் என்று அப்போதும் ஏமாந்துவிடக் கூடாது.

நோயில்லாத இருவருக்குக்கூடச் சிவப்பணுவின் ஆயுள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே ஊசிக்குத்துக் கணக்கும் மூன்று மாதக் கணக்கும் ஒத்துவராவிட்டால், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு, சமீபத்தில் இரத்தம் ஏற்றினீர்களா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சிவப்பணுவைச் சாராத ஃபிரக்டோசமைன் என்ற சோதனையும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரக் கணக்கை அது காட்டும். எல்லா ஊரிலும் எடுக்கமாட்டார்கள். கேட்டுப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியின் கல்லா மேசையில் இப்போது சிட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு நோட்டு இருக்கிறது. காலை வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று எனக் குறித்துவருகிறார். இரத்தம் ஏற்றி ஐந்து மாதம் கழிந்த பின் எடுத்த சோதனையில் 8.2 வந்தது. நோட்டிலுள்ள எண்களும் அதற்கு ஒத்தே இருந்தன. கால் புண் ஆறிவிட்டது. மூட்டை இறக்க மட்டும் வேறு ஆள் வைத்திருக்கிறார்.