மஞ்சப்பையும் மரக்கன்றும்

அமைச்சர் ஒருவர் மரக்கன்று நடுகிறார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சந்தையில் துணிப்பை வழங்குகிறார். மறுநாள் பத்திரிகைகளில் படம் வெளியாகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளை வெறும் ஆடம்பரம் என்று இகழ்வோர் உண்டு. அவற்றாலேயே நாடு பசுமையாகிவிடும் என்று மகிழ்வோரும் உண்டு. இவ்விரு கூற்றுகளாலும் நம் சங்க அங்கத்தினர்களுக்குப் பயன் இல்லை. இவ்வடையாளச் செயல்கள் எப்பொழுது பலன் தருகின்றன, எப்பொழுது படத்தோடு நின்றுவிடுகின்றன என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும். ஏனெனில், துணிப்பை நெசவாளருக்குக் கூலி. மரம் விவசாயிக்கு நீர்.

நம் நாட்டில் இவ்வழக்கம் புதிதன்று. 1950ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அந்நாளில் மத்திய உணவு, விவசாய அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி வன மகோத்சவம் என்னும் மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். அமெரிக்காவில் 1970 ஏப்ரல் 22 அன்று கேலார்ட் நெல்சன் என்னும் செனட் உறுப்பினரின் முயற்சியால் முதல் பூமி தினம் கொண்டாடப்பெற்றது. அந்நாள் கூட்டங்களோடு முடியவில்லை. அதே ஆண்டு இறுதிக்குள் அந்நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கெனத் தனி அரசு நிறுவனம் தோன்றிற்று. காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் வலுப்பெற்றது. நம் நாட்டிலும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம், காடுகளையும் சுற்றுச்சூழலையும் காத்தல் அரசின் நெறியெனவும் குடிமக்களின் கடமையெனவும் விதித்தது.

அடையாளச் செயலுக்குப் பின் சட்டமும் நிதியும் வந்தால் என்ன நேரும் என்பதற்கு நெசவாளர் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. 1953ஆம் ஆண்டை ஒட்டிக் கைத்தறிச் சரக்குகள் விற்பனையின்றித் தேங்கிக் கிடந்தன. பிற்காலத்தில் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, தம் கட்சியினரோடு கைத்தறித் துணிகளைச் சுமந்து திருச்சி வீதிகளில் விற்றார். எதிர் அணியில் நின்ற அந்நாள் முதலமைச்சர் இராஜாஜியோ, வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று மத்திய அரசை வற்புறுத்தினார். அதே 1953இல் ஆலைத் துணிமீது கெஜத்துக்குக் காலணா வீதம் கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. வீதியில் விற்றமை மக்கள் கண்ணைத் திறந்தது. சங்கங்களுக்குத் தொடர்ந்து உதவியது அந்தக் காலணாவே.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய மஞ்சப்பையை நோக்குவோம். ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்படும் என்று 2018 ஜூன் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. ஆட்சி மாறிய பின்னரும் கொள்கை மாறவில்லை. 2021 டிசம்பர் 23 அன்று அந்நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். இங்கே சட்டமும் உண்டு, அடையாளமும் உண்டு. ஆயினும் அப்பை எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்ச் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலிய ரகங்கள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அப்பட்டியலில் துணிப்பை இல்லை. ஆகவே, மஞ்சப்பை இயக்கத்தால் கைத்தறிக்குத் தானாகவே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. விலையில் விசைத்தறித் துணியோடு போட்டியிடுவதும் எளிதன்று. இவற்றிற்கெல்லாம் மேலாக, ‘நெய்யாத பை’ என்று ஒன்று கடைகளில் புழங்குகிறது. பார்வைக்குத் துணிபோலிருக்கும் அது பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. தடைப் பட்டியலிலும் உள்ளது. ஐயம் எழுந்தால் அதன் ஓரத்தில் சிறு துணுக்கை எடுத்துத் தீயில் காட்டுக. பருத்தியாயின் காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பிளாஸ்டிக்காயின் உருகி உருண்டையாகும்.

நம் நெசவாளர் சங்கங்கள் செய்யத்தக்கது யாது? திருமணங்களில் தாம்பூலம் வைத்து வழங்கும் மஞ்சள் பை நம் பழைய வழக்கம். அதற்கு நீடித்து உழைக்கும் கைத்தறிப் பையை ஏற்ற அளவில், நிலையான விலையில் ஆயத்தம் செய்து, முகூர்த்த மாதங்களுக்கு முன்பே முன்பதிவு பெறலாம். துண்டு, போர்வை நெசவில் மிஞ்சும் துணியையும் வீணாக்காமல் பையாகத் தைக்கலாம். பருத்தி விளைவிக்கவும் நூலுக்குச் சாயம் ஏற்றவும் நீர் செலவாகிறது. ஆதலால் ஒரு பையைப் பலமுறை பயன்படுத்தினால்தான் சுற்றுச்சூழலுக்கு நன்மை. இரண்டு முறை துவைத்ததும் கிழியும் பை, நெசவாளர் பெயரையும் கெடுக்கும். இயக்கத்தின் நோக்கத்தையும் கெடுக்கும்.

இனி மரக்கன்றுக்கு வருவோம். தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் குறிக்கோளுடன் 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு இக்குறிக்கோள் வெறும் எண் அன்று. நம் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியாறே கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி நம் வயல்களுக்குப் பாய்கிறது. மலைச்சரிவில் மரமும் சருகும் இருந்தால் மழைநீர் மெல்ல நிலத்துள் இறங்கி, மழை நின்ற பின்னும் ஓடையில் கசியும். சரிவு மொட்டையானால் நீர் ஒரே வேகத்தில் மண்ணை வாரிக்கொண்டு இறங்கும். அம்மண் அணையில் படிந்தால் தேங்கும் நீரின் அளவு குறையும். கரும்புக்கும் நெல்லுக்கும் கடைசித் தண்ணீர் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இதைப் பொறுத்தது.

விழா நாளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. வட இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5, 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாடு தொடங்கிய நாளின் நினைவு. நமக்கோ பெருமழை வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. ஜூன் மாத வெயிலில் நட்ட கன்றுக்கு நாள்தோறும் நீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆகவே, விழாவை அந்நாளில் நடத்தினாலும், குழி எடுத்தலை அப்பொழுது முடித்து, நடவைப் புரட்டாசி, ஐப்பசிக்கு வைத்துக்கொள்வது நலம். ஆட்டுக்கு எட்டாத வேலியும், அடுத்த இரண்டு கோடைகளுக்கு நீரும் இன்றேல் கன்று பிழைப்பது அரிது.

மலைவாழ் மக்களை விட்டுவிட்டு மலையைக் காக்க இயலாது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை அளிப்பதோடு, காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்குகிறது. கடுக்காய், நெல்லி, புளி போன்ற மரங்களின் காய்க்கு நியாய விலை கிடைப்பின், அம்மரத்தை வெட்ட யார் மனம் இசைவர்? கடுக்காய் நீரில் தோய்த்துப் பருத்தியில் இயற்கைச் சாயத்தை நிலைக்கச் செய்வது நம் நெசவாளர் அறிந்த பழைய முறை. மலையில் சேகரிப்போரின் சங்கமும் சமவெளியில் நெய்வோரின் சங்கமும் நேரில் கொள்முதல் செய்துகொண்டால், இடைத்தரகுக்குப் போகும் பணம் இருவருக்கும் மிஞ்சும்.

சங்கங்களைத் தணிக்கை செய்யும்பொழுது ஏட்டிலுள்ள சரக்கைக் கிடங்கில் எண்ணிப் பார்க்காமல் நாம் கையொப்பம் இடுவதில்லை. மரக்கன்றுக்கும் அதே முறை வேண்டும். எத்தனை நடப்பட்டன, எவர் பொறுப்பில், ஓராண்டுக்குப் பின் எத்தனை உயிரோடு உள்ளன என்பதை ஓர் ஏட்டில் எழுதிப் பொதுப்பேரவையில் படித்தல் வேண்டும். பட்டுப்போன கன்றுகளின் எண்ணிக்கையை மறைக்கலாகாது. அதுவே அடுத்த ஆண்டு மறுநடவுக்குக் கணக்கு.

நம் மக்கள் பிரதிநிதிகள் கன்று நட வருவார்களாயின் அன்போடு வரவேற்போம். அதே மேடையில் இரண்டு விண்ணப்பங்களையும் வைப்போம். அரசு விழாக்களுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கும் துணிப்பைகளில் ஒரு பகுதியைக் கைத்தறிச் சங்கங்களிடமிருந்து வாங்க ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது ஒன்று. நடும் கன்றுகளுக்கு இரண்டு கோடை நீர்ச்செலவையும் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருளில் இவ்விரண்டையும் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.