கொடிநாள் உண்டியலும் நம் கடைத்தெருவும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லாப்பெட்டி அருகே கொடிநாள் உண்டியல் வந்து உட்கார்ந்துவிடும். சட்டையில் குத்திக்கொள்ளச் சிறு கொடியும் தருவார்கள். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் இந்தக் கொடிநாளுக்கு வணிகர்கள் கை சுருக்கிக் கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. போரில் கணவரை இழந்த பெண்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் போய்ச் சேரும் பணம் அது. தாராளமாகக் கொடுப்போம். ஆனால் பணத்தைத் தவிர நம்மிடம் கொடுப்பதற்கு இன்னும் சில உண்டு.

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்தப் போரில் இருபது வயதில் நின்றவருக்கு இன்று எழுபதுக்கு மேல். அவர்களில் பலர் நம்மிடமே மாதச் சாமான் வாங்குகிறார்கள். பட்டியலைச் சரிபார்த்துக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகும் பெரியவர் எந்த எல்லையில் நின்றார் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தில் போர் என்றால் நான்கு வரி, ஒரு தேதி, இரண்டு மதிப்பெண்!

அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும். பொன்னாடை போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்து, தலைவர் உரை முடிந்ததும் அனுப்பிவிடும் விழா வேண்டாம். பிள்ளைகள் கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். வெற்றியைச் சொல்வது போலவே திரும்பி வராத தோழனைப் பற்றியும் சொல்வார். சரணடைந்த சுமார் 93,000 பேரையும் நம் நாடு காவலில் வைத்து, 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் 1974-க்குள் திருப்பி அனுப்பியது. எதிரியை வீட்டுக்கு அனுப்பி வைத்த அந்தக் கதையைச் சொல்லாமல் சமாதானத்தைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது.

வணிகர்கள் சொல்லவும் ஒரு பாடம் உண்டு. போர் முதலில் எட்டும் இடங்களில் ஒன்று மளிகைக் கடை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது, ஊரே வெலவெலத்தது. இன்றும் சாமர்த்தியக்காரனை 'எம்டன்' என்கிறோமே, அந்தக் கப்பல்தான். 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த சரக்கு அது. பர்மாவில் கடையும் வட்டிக்கடையும் நடத்திய தமிழர்கள் சொத்தை விட்டுவிட்டுக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். இங்கே பங்கீட்டு முறை வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் விலை என்ன பாடு படுத்தியது! எங்கோ விழுந்த குண்டுக்கு நம் ஊர்த் தாளிப்பில் விலை கொடுத்தோம். பழைய விலைப்பட்டியலைக் காட்டி நம்மில் ஒருவர் இதைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

வேலை விஷயம் ஒன்று. பதினைந்து ஆண்டுப் பணிக்கே ஓய்வூதியம் உண்டு என்பதால் படைவீரர் பலர் நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பிவிடுகிறார்கள். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருவோரில் நான்கில் ஒரு பங்கு வரைதான் நிலையாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் நான்கு ஆண்டில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருவார்கள், இருபத்தைந்து வயதைச் சுற்றி. நாம் அவர்களுக்கு எடுத்ததும் நீட்டுவது வாயிற்காவல் வேலை. பட்டாளத்தில் சரக்கு இருப்பு பார்த்தவர், வண்டி ஓட்டியவர், கணக்கு எழுதியவர் எல்லாம் உண்டு. கிடங்குப் பொறுப்பை நம்பி ஒப்படைக்க இவர்களைவிட யார் வேண்டும்? கேட்டுப் பார்த்து வேலை கொடுங்கள்.

மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இயங்குகிறது. பள்ளிக்கு வந்து பேசக்கூடியவர் யார், வேலை தேடுபவர் யார் என்று அங்கே விசாரிக்கலாம். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்துவிடுவதால், தலைமை ஆசிரியரிடம் நவம்பர் முதல் வாரத்திலேயே பேசித் தேதி வாங்கிவிடுவது நல்லது.