மெல்லத் தொட்டாலும் கீபோர்டு ஏன் அலறுகிறது?

கீபோர்டு அளப்பது விரலின் பலத்தை அல்ல, கட்டை இறங்கும் வேகத்தை. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனைகள் உண்டு. ஒன்று முதலில் இணையும், மற்றது ஒரு நொடித்துளி கழித்து.

இரண்டு மின்கம்பங்களைச் சைக்கிள் கடக்கும் நேரத்தை வைத்து அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குதான். இடைவெளி குறைந்தால் அடி வேகமானது.

அந்த வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகி, 1983-இல் வந்த மிடி (MIDI) என்ற இசைக்கருவித் தொடர்பு முறைப்படி, ஒலியை உருவாக்கும் சின்தசைசருக்குப் போகிறது. எண் பெரிதானால் ஒலியும் உரக்கும்.

எந்த வேகத்துக்கு எந்த எண் என்று முடிவு செய்வது ‘வெலாசிட்டி கர்வ்’. அது மென்மையாக இருந்தால் லேசான தொடுகையே பெரிய எண்ணாகிவிடும். அலறலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கடினமான கர்வில் ஓங்கி அடித்தால்தான் உச்சம் வரும்.

கீபோர்டு, சின்தசைசர் மென்பொருள் இரண்டிலும் இந்த அமைப்பு இருக்கலாம். ஏதேனும் ஒன்றில் மட்டும் மாற்றுங்கள்.